உப்பிட்ட பாலம்



மாஸ்கோவில், பல்கலைக்கழகம் நிற்கும் குன்றின் அடியில், ஆற்றுப் பாலத்தின் மேலேயே ஒரு மெட்ரோ நிலையம் உண்டு. பெயர் வொரொபியோவி கோரி. 1959-இல் திறந்தனர். கடுங்குளிரிலும் வேலை நிற்கலாகாதென்று கான்கிரீட்டில் உப்பைச் சேர்த்துக் கட்டினர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பர், பாலம் மறக்கவில்லை! உள்ளிருந்த இரும்புக் கம்பியை உப்பு அரித்தது. 1983-இல் நிலையத்தை மூடினர்; மீண்டும் திறந்தது 2002-இல்தான். அன்றைய அவசரத்துக்கு அபராதம் 19 ஆண்டுகள்!

விரைவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விழா நாளுக்காக வேலையைக் கெடுப்பது வேண்டாமென்கிறேன். நாளை நம்மில் பலர் பொறியாளராவர். “தேதி குறித்தாகிவிட்டது” என்று மேலிடம் நெருக்கும். “கான்கிரீட் இன்னும் இறுகவில்லை, ஐயா” என்று சொல்லும் துணிவையும் பட்டத்தோடு பெற்றுச் செல்வோமா?