காசநோயாளியிடம் கேட்கப்படாத இரண்டு கேள்விகள்

காசநோய் உறுதியானதும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்து நோயாளியை அனுப்பிவிடுவதில்லை. எடையும் உயரமும் பார்க்கிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 94க்குக் கீழே காட்டுகிறதா, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். நிலைமை மோசம் என்று தெரிந்தால் உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தின் உயிர்நாடி இந்தச் சில நிமிடச் சோதனைதான். காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது என்பதால், ஆபத்தில் இருப்பவரை முதல் நாளே அடையாளம் காண வேண்டும் என்ற எளிய, சரியான யோசனை அது. ஆனால் நோயாளியை நாம் மரணத்துக்கு மட்டும் பறிகொடுப்பதில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆபத்துக்கும் முன்னறிகுறிகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கடந்த இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல், சோர்ந்து கிடக்கிறீர்களா? குடிப்பழக்கம் உண்டா, எவ்வளவு? இந்த இரண்டு கேள்விகளும் அதே மேசையில், அதே முதல் நாளில் எல்லா நோயாளிகளிடமும் கேட்கப்பட வேண்டும். கேட்பதோடு நிற்காமல், பதிலுக்கு ஏற்ற உதவியும் காசநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கிடைக்க வேண்டும்.

மருந்தை நிறுத்துபவர் ஏன் நிறுத்துகிறார் என்பதை அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டுவிடும், இருமல் அடங்கும், பசி திரும்பும். கிருமி இன்னும் உடம்பில் இருக்கிறது, ஆனால் அதை உணர நோயாளிக்கு வழியில்லை. அவர் உணர்வதெல்லாம் காலையில் மாத்திரைகளை விழுங்கியதும் குமட்டிக்கொண்டு வருவதும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதும்தான். நோய் தெரிவதில்லை, மருந்துதான் தெரிகிறது. லண்டனைச் சேர்ந்த ராப் ஹார்ன் போன்ற நலவாழ்வு உளவியல் ஆய்வாளர்கள் பல நோய்களில் காட்டியிருப்பது இதைத்தான்: இந்த மருந்து எனக்கு அவசியம் என்ற நம்பிக்கையையும், இது என்னை என்ன செய்துவிடுமோ என்ற பயத்தையும் எடைபோட்டுத்தான் மனிதர் மருந்தைத் தொடர்கிறார் அல்லது விடுகிறார். அந்த எடைபோடலுக்குள் வீடும் ஊரும் வந்துவிடுகின்றன. திருமணமாகிச் சில மாதங்களே ஆன பெண், மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு வேளையும் அவருக்கு ஒரு பதற்றம்தான். குடிப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. குடியோடு சேர்ந்தால் இந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று எச்சரிக்கிறோம். எச்சரிக்கை சரிதான். அதைக் கேட்டவர் என்ன செய்வார்? குடியை விட முடியாதவர், குடிக்கும் நாளில் மாத்திரையை விட்டுவிடுவார். எச்ஐவி மருந்து எடுப்பவர்களிடம் நடந்த ஆய்வுகள் இந்த நடத்தையைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கின்றன. நல்ல அறிவுரையே மருந்தைத் தவறவிடக் காரணமாகிறது என்றால், குறை அறிவுரையோடு நாம் நிறுத்திக்கொண்டதில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது அன்றைய நிலை. மருத்துவர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்தது. புதிய ஆய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய குழு, நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்பில், குறைந்த உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆனாலும் 1959இல் வெளியான முடிவுகளில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு பெரிய காரணம். நோயாளியை அவருடைய வாழ்க்கையிலிருந்து பிரிக்காமலே குணப்படுத்தலாம் என்பது அதன் கொடை. அதே ஆய்வாளர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வீட்டுக்குப் போன மாத்திரை வயிற்றுக்குப் போகிறதா? அதற்காகச் சிறுநீரைச் சோதித்தார்கள், திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பின்வந்த பல பத்தாண்டுகளின் கொள்கை அந்தக் கவலையை மட்டும் எடுத்துக்கொண்டு வளர்ந்தது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்து, 1997 முதல் இந்தியா பெரிய அளவில் ஏற்றுக்கொண்ட ‘டாட்ஸ்’ முறையில் பணியாளரின் கண்முன்னே மாத்திரையை விழுங்குவது மையமான விதியாயிற்று.

கண்முன்னே விழுங்கவைத்தால் குணமாவோர் எண்ணிக்கை கூடுகிறதா? இந்தக் கேள்வியை ஆராய்ந்த சோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் அறிக்கை, தானே மருந்து எடுப்பவர்களோடு ஒப்பிடும்போது பெரிய வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கே வந்தது. பிறகு கைப்பேசி வந்தது. மாத்திரையைப் பிதுக்கி எடுத்ததும் அட்டைக்கு அடியில் தெரியும் எண்ணுக்கு நோயாளி அழைப்பு கொடுக்க வேண்டும் என்ற ‘99 டாட்ஸ்’ முறையைச் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் திருப்தியாகப் பொருந்தவில்லை. மாத்திரை போட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள், அழைத்தும் போடாதவர்கள் இருந்தார்கள். கண்காணிப்பு எவ்வளவு நுட்பமானாலும் மருந்தை விடுபவரின் காரணத்தை அது தொடுவதே இல்லை. இதற்கு நேர்மாறான பாதையைச் செனகல் நாட்டில் சோதித்தார்கள். அரசு சுகாதார மையங்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் பணியாளர்களுக்கு நோயாளியோடு பேசும் பயிற்சி கொடுத்தார்கள். சிகிச்சையை வீட்டுக்கு அருகே கொண்டுவந்தார்கள். யார் முன்னால் மாத்திரை போடுவது என்பதை நோயாளியே தேர்ந்தெடுத்தார். 2007இல் வெளியான முடிவின்படி அந்தப் பிரிவில் 88 விழுக்காட்டினரும், வழக்கமான பிரிவில் 76 விழுக்காட்டினரும் சிகிச்சையில் வெற்றி கண்டார்கள். பாதியில் விட்டவர்கள் 5.5 விழுக்காடு, மற்றதில் 16.8. பேச்சு ஒன்றினால்தான் இது நடந்தது என்று சொல்ல முடியாது, பல மாற்றங்கள் ஒன்றாகச் செய்யப்பட்டன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான நோக்கம் ஒன்றுதான்: நோயாளியின் மனநிலையையும் வசதியையும் சிகிச்சைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது.

பேசுவது மட்டும் போதாதவர்களும் உண்டு. காசநோயாளிகளிடம் மனச்சோர்வு பொதுமக்களிடம் இருப்பதைவிட மிக அதிகம் என்றும், மனச்சோர்வு உள்ளவர்கள் சிகிச்சையை விடுவதும் இறப்பதும் கூடுதல் என்றும் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரின் என்ற மருந்தோ மனச்சோர்வையும் மனக்குழப்பத்தையும் தானே உண்டாக்கக்கூடியது. அதைக் கொடுத்துவிட்டு மனநிலையைக் கேட்காமல் இருப்பது மருத்துவப் பிழை. இதற்கெல்லாம் மனநல மருத்துவருக்கு எங்கே போவது என்ற கேள்விக்குக் கோவாவிலிருந்து நல்ல பதில் இருக்கிறது. அங்கே ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். முடங்கிக் கிடப்பவரைச் சின்னச் சின்னச் செயல்களுக்குத் திரும்பவைக்கும் எளிய முறை அது. 2017இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் 64 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. ஆபத்தான அளவுக்குக் குடித்த ஆண்களிடம் நடந்த இணை ஆய்வில் வேறுபாடு சிறியது, 36க்கு 26. குடி பிடிவாதமானது என்பதைக் காட்டும் எண்தான். ஆனால் ‘குடிக்காதே’ என்ற அதட்டலுக்கு இந்த அளவு பலன் கிடைத்ததாக எங்கும் காணோம்.

இந்த யோசனைக்கு எதிராக வரும் மறுப்புகளில் மிக வலுவானது, இது பசியின் நோய், மனத்தின் நோய் அல்ல என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்ததால் அந்த வீட்டில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. எந்த ஆலோசனையும் செய்ய முடியாததைச் சோறும் பருப்பும் செய்திருக்கின்றன. நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ஆனது மிகத் தேவையான முடிவு. பட்டினியாக இருப்பவருக்கு உணவுக்குப் பதில் ஆலோசகரை அனுப்புவது கொடுமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வறுமை மனிதரை எப்படித் தாக்குகிறது என்று பார்த்தால் இரண்டையும் எதிரெதிராக நிறுத்த முடியாது. தினக்கூலிக்குப் போகிறவர் நோயால் வேலையை இழக்கிறார், கடன் சேர்கிறது, வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் வருகிறது, பிழைத்து என்ன ஆகப்போகிறது என்று மாத்திரையை ஒதுக்குகிறார். அவருக்குப் பணமும் வேண்டும், அந்த எண்ணத்தை யாரிடமாவது சொல்லவும் வேண்டும். இரண்டு வாரமாக மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதுதான் பல வீடுகளில் அடுப்பெரியவில்லை என்பதே வெளியே வரும். உதவிப் பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை என்பதும் அப்போதுதான் தெரியும்.

நேரம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. களப்பணியாளர்களின் சுமை உண்மை, அவர்கள் தலையில் இன்னொரு படிவத்தைச் சுமத்தினால் அது காகிதத்தில் மட்டும் நிரம்பும். ஆனால் மருந்தை விட்டவரைத் தேடி ஊர் ஊராக அலைவதற்கும், நோய் முற்றித் திரும்பி வருபவருக்கு மறுபடி முதலிலிருந்து சிகிச்சை தொடங்குவதற்கும் இன்றைக்கே நேரம் செலவாகிறது. மேலும் தமிழ்நாட்டில் இதற்கு ஆளில்லாமல் இல்லை. காசநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் எச்ஐவி பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அதற்காக அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு வருபவர், பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரின் முன் உட்காருகிறார். பேச்சு எச்ஐவியோடு முடிந்துவிடுகிறது, நோயாளி எழுந்து போகிறார். அதே நாற்காலியில் இன்னும் பத்து நிமிடம் உட்காரவைத்தால் போதும். சந்தேகப்படும்படியான பதில் வந்தால் தொடர் அமர்வுகளுக்கு அதே மையத்துக்கு வரச்சொல்லலாம், கடுமையாக இருந்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கு அனுப்பலாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. இந்த மையங்களில் ஆலோசகர் இடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவதும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தருவதும் அரசின் பொறுப்பு. அதைச் செய்யாமல் ஒரு சுற்றறிக்கையோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கட்டுரை கேட்பது எதுவும் நடக்காது.

கடைசி மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். காசநோயாளி என்ற முத்திரையோடு குடிகாரர், மனநோயாளி என்ற முத்திரைகளையும் சேர்த்துக் குத்திவிடுவோமோ என்ற அச்சம் அது. கிராமத்தில் யாருடைய பையில் என்ன மாத்திரை என்பது மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். எனவே இந்தக் கேள்விகள் வரிசையில் நிற்கும்போது எல்லோர் காதிலும் விழும்படி கேட்கப்படக் கூடாது. பதில்கள் நோயாளி கையில் கொண்டுபோகும் அட்டையில் எழுதப்படக் கூடாது. வீட்டுக்கு வரும் பணியாளருக்குத் தெரிய வேண்டியது இவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே, ஏன் என்பதல்ல. குடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டதற்காக யாருக்கும் மருந்தோ உதவிப் பணமோ ஒருநாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. தள்ளிப்போனால் அடுத்தவர் உண்மை சொல்ல மாட்டார். குடிக்கும் நாளிலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் ஆலோசகரையோ மருத்துவரையோ கேளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மஞ்சள் காமாலைக்கான அறிகுறி தெரிந்தால் உடனே வரவேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த விதிகளை எழுதிவைத்து, ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதைப் பக்கத்து மாவட்டத்தோடு வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, 1956 முதல் இந்த ஊரில் இருக்கும் ஆய்வு நிறுவனமே போதும்.