வயல்வரை கேட்கட்டும் அபாயச் சங்கு!

மில் சங்கு ஊதியதும் ஏரை அவிழ்த்த தலைமுறை நம்முடையது. அமெரிக்காவின் ஓக்லஹோமா, கேன்சஸ், மிசௌரி மாநிலங்களில் சங்கு வேறொன்றுக்காகவும் ஊதுகிறது: டொர்னாடோ வருகிறது, உடனே ஒதுங்குங்கள்!

டொர்னாடோ என்பது நம் கடலோரப் புயல் அல்ல. புயல் வருவதைச் சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். டொர்னாடோவோ இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூண். மிகக் கடுமையானவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். ரேடாரில் கண்டு எச்சரித்தாலும், பெரும்பாலும் சில நிமிட அவகாசமே கிடைக்கும். அதற்குள் நிலவறைக்கோ, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்கோ போய்விட வேண்டும்.

அந்தச் சைரன் முக்கியமாக வெட்டவெளியில் இருப்பவர்களுக்கானது. வீட்டில் இருப்பவர்களுக்கு வானொலி, டிவி, செல்போன் உண்டு.

ஆனால், சைரன் மட்டும் போதாது. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளின் நகரை டொர்னாடோ தாக்குவதற்கு 20 நிமிடங்களுக்கு முன்பே சைரன் ஒலித்தது. அடிக்கடி கேட்டுப் பழகிப்போன பலர் உடனே ஒதுங்கவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நம் வயல்களில் இப்படித் திடீரென உயிர் பறிப்பது மின்னல். நாடு முழுவதும் ஆண்டுக்கு 2,000-க்கும் அதிகமானோர் மின்னலுக்குப் பலியாகிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, மின்னல் ஆபத்தைச் செல்போனில் எச்சரிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், நாற்று நடும் பெண்ணின் போன் வரப்பில் வைத்த பையில் அல்லவா இருக்கிறது?

ஆகவே, ஊராட்சிதோறும் வயல்வரை கேட்கும் சங்கு வேண்டும். மின்சாரம் போனாலும் ஊத பேட்டரி வேண்டும். மின்னலுக்கென்று தனி ஓசை இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒத்திகை நடக்கட்டும். தேவையில்லாமல் ஊதி அதன் மதிப்பைக் கெடுக்கக் கூடாது. அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள்.

அதுவரை இடிச் சத்தமே உங்களுக்குச் சங்கு. கேட்டதும் கரையேறுங்கள். மரத்தடியில் நிற்காமல் கான்கிரீட் கட்டிடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வயலில் இறங்குங்கள். நடவு அரை மணி நேரம் காத்திருக்கும்; மின்னல் காத்திருக்காது.