கர்ணம் போனார், கணக்கு எங்கே?

அலுவலகங்களில் மாற்றத்தைக் கொண்டுவருவது எப்படி என்று இப்போது வகுப்பே நடத்துகிறார்கள். படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்குகிறார்கள். ஊழியர்கள் எதையும் எதிர்ப்பார்கள், அவர்கள் மனத்தை முதலில் பக்குவப்படுத்த வேண்டும் என்பதுதான் அந்த வகுப்புகளின் சாரம். வருவாய்த் துறையில் எழுத்தராக முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அரசாணை வந்துவிட்டால் எதிர்ப்பு தானாக அடங்கிவிடும். மிஞ்சிப்போனால் கோர்ட்டுக்குப் போவார்கள். போகிறவருக்குத் தெரிந்ததை வருகிறவருக்குத் தெரியவைக்க யாரும் ஏற்பாடு செய்வதில்லையே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

நம் மாநிலத்தில் இதற்கு 1980-ஐ விடப் பெரிய உதாரணம் கிடையாது. எம்.ஜி.ஆர். முதலமைச்சர். நவம்பர் மாதம் ஓர் அவசரச் சட்டம் வந்தது. கர்ணம், மணியக்காரர் முதலான பகுதிநேர கிராம அதிகாரிகளின் பதவிகள் அத்தனையும் ஒழிக்கப்பட்டன. பின்னர் அதுவே 1981-ஆம் ஆண்டின் 3-ஆவது சட்டமாயிற்று. ஒழிந்த பதவிகள் சுமார் 23,000. அவற்றுக்குப் பதிலாக ஏற்படுத்தப்பட்ட கிராம நிர்வாக அலுவலர் பதவிகள் சுமார் 12,600. ஒரே உத்தரவில் இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பிய இன்னொரு நிர்வாக மாற்றத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆந்திரத்தில் 1984-இல் என்.டி. ராமராவ் இதையே செய்தார்.

செய்தது சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பரம்பரை உரிமை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கிராமத்தில் அப்பாவுக்குப் பின் பிள்ளை என்றுதான் நடைமுறை இருந்தது. ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் மரப்பெட்டியில் இருக்கும். சிட்டா நகல் வேண்டும் என்றால் அந்த வீட்டுத் திண்ணை ஓரமாகப் போய் நிற்க வேண்டும். சேரிக்காரர் என்றால் திண்ணை வரைகூடப் போக முடியாது, தெருவில்தான் நிற்க வேண்டும். அந்தப் பெட்டியை அரசாங்கம் கையில் எடுத்தது நியாயம். எடுத்த விதத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

நான் அப்போது இந்த மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பசலி 1390 நடந்துகொண்டிருந்தது. அடங்கல் பாதியில் நின்றது. கர்ணங்கள் துணி மூட்டையில் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சிலர் ஒரு வார்த்தை பேசவில்லை. சிலர் கண் கலங்கினார்கள். எங்கள் வேலை, பதிவேட்டின் பெயர், பக்க எண்ணிக்கை, நிலைமை என்று மூன்று கலங்களை நிரப்பி ரசீது கொடுப்பது.

மானாவாரிக் கிராமம் ஒன்றின் கர்ணம், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், அ-பதிவேட்டைப் பிரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இதையும் எழுதிக்குங்க தம்பி. இந்த நம்பர்ல பட்டா ஒருத்தர் பேர்லதான் இருக்கு. அனுபவம் மூணு பேரு. கெணறு பொது. வடக்கால இருக்கிற புளியமரம் தங்கச்சிக்குன்னு அவங்கப்பா வாயால சொல்லிட்டுப் போனாரு." பக்கத்தில் இருந்த மேலதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் எதுக்கு, பக்கத்தை எண்ணி வாங்குங்க" என்றார். அவர் மேலும் தப்பில்லை. மேலிருந்து வந்த படிவத்தில் அதற்கு இடம் இல்லை. கர்ணம் சிரித்துவிட்டு மூட்டையின் அடியில் இருந்த இன்னொரு நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அது அவருடைய சொந்தக் குறிப்பு நோட்டு. அரசாங்கப் பதிவேடு இல்லை, ஆகவே கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், அதே சமயத்தில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. யு.டி.ஆர். என்று இன்றும் கிராமங்களில் சொல்கிறார்களே, அந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. பழைய செட்டில்மென்ட் காலத்துப் பட்டாக்களை எடுத்து, இப்போது நிலம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, உட்பிரிவு செய்து, கணக்கைப் புதிதாக எழுதும் வேலை. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. யார் யாருக்கு எது என்பது தெரிந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரிந்த விஷயத்தை எழுத வேறு ஆட்களை அனுப்பினோம். போய்க் கேட்டால் சொல்வாரா? அவர் வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

இன்றைக்கும் அரூர், பென்னாகரம் பக்கத்தில் பேரன்மார்கள் கையில் மஞ்சள் பையோடு "யு.டி.ஆர்.ல தப்பா ஏறிடுச்சுங்க" என்று மனு எழுத வருகிறார்கள். தம்பி பெயர் விட்டுப்போயிருக்கும், பக்கத்து வயல்காரர் பெயர் ஏறியிருக்கும், பட்டா நிலம் புறம்போக்கு ஆகியிருக்கும். திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலரிடம். எல்லாப் பிழைக்கும் 1980-தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவசரம், அக்கறையின்மை, கையூட்டு என்று மற்றவையும் உண்டு. ஆனால் இரண்டு மாற்றங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றியதில் குடியானவனுக்கு விழுந்த அடி கொஞ்சமல்ல.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பள்ளி இறுதி வகுப்புத் தேறிய பழைய அதிகாரிகளைப் புதிய பதவிக்குப் பரிசீலிப்பதாக அரசு அந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் பேர் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

ஒரு வேடிக்கை. கிராமக் காவலர், கிராமப் பணியாளர், பாசனக் காவலர் ஆகியோரை அந்தச் சட்டம் தொடவில்லை. நம் ஊர்ப் பேச்சில் தலையாரி, வெட்டியான், நீர்க்கட்டி. தேர்வு எழுதி வந்த இளைஞர்களுக்கு சர்வே கல் எங்கே புதைந்திருக்கிறது, ஓடை எந்தப் பக்கம் திரும்பியது, யார் வீட்டில் எதைக் கேட்கலாம் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். அடுக்கில் கடைசியில் இருந்தவர்கள் தாங்கியதால்தான் அடுக்கு சாயவில்லை. யாரும் திட்டமிட்டு அவர்களை விட்டுவைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முந்திய மாற்றத்தை யோசித்துப் பாருங்கள். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பினி கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் மன்றோவும் இங்கே வந்து வயல் வயலாக அளந்து, குடியானவனிடமே வரி வாங்கும் முறையை உண்டாக்கினார்கள். ராஜ்யமே மாறியது; ஊர்க் கணக்கனை மாற்றவில்லை. தர்மம் பார்த்து அல்ல, அவன் இல்லாவிட்டால் ஒரு காசு வசூலாகாது என்று தெரிந்ததால்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியம். அடங்கல், பசலி போன்ற சொற்களையே தர்மபுரிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் கற்றேன். அங்கே 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. என் பெரியப்பா பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தா. கொடி மாறிய பிறகும் அதே நாற்காலி, அதே மைக்கூடு, அதே சம்பளம். ஊழியர்களின் நிலைமை மாறாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். 1956 உடன்படிக்கையில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று ஒரு ஷரத்து. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முடிந்தது. எட்டு வருடம் இழுத்ததில் எரிச்சலும் இருந்தது, இரண்டு சட்டத்துக்கு நடுவே குழப்பமும் இருந்தது. ஆனால் ஃபைல் எங்கே என்று தெரிந்தவர் அந்த எட்டு வருடமும் அலுவலகத்தில் இருந்தார். 'பஸாசியோன் த சர்வீஸ்' என்று பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, பொறுப்பை ஒப்படைத்தல் என்று அர்த்தம். பெரியப்பா அதை ஒரு சடங்கு மாதிரி சொல்வார். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பேச வேண்டுமாம்.

இப்போது பட்டா கணினியில் இருக்கிறது, மனு இணையத்தில் போகிறது. நல்லது, திண்ணை ஒழிந்தது. ஆனால் தப்பாக ஏறிய பெயர் கணினியிலும் தப்பாகத்தான் இருக்கிறது, இன்னும் அழகான எழுத்தில். 31-ஆம் தேதி மாலை சால்வை போட்டு அனுப்பப்படும் கிராம உதவியாளரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவருக்குப் பதில் வருகிறவர் எப்போது வருவார் என்றும் தெரிவதில்லை. ஓய்வுக்கு முந்திய ஆறு மாதம் புதியவரை அவரோடு சேர்த்து, புலப்படத்தைக் கையில் கொடுத்து, ஊர் எல்லையைச் சுற்ற அனுப்பலாம். இரட்டைச் சம்பளம் என்று நிதித்துறை ஆட்சேபிக்கும். ஒரே ஒரு யு.டி.ஆர். மனுவுக்காக ஒரு குடும்பம் கலெக்டர் ஆபீசுக்கு நடக்கும் பஸ் சார்ஜையும் விட்டுப்போன கூலியையும் எழுதி அந்த ஆட்சேபணைக்குப் பதிலாக வைத்துப் பார்க்கட்டும்.