சம்பளத்தோடு பயிற்சி

நடக்க முடியாதவரைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எளிதல்ல. தவறாகத் தூக்கினால் இருவருக்கும் அடிபடும். அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால், படுக்கைப் புண் வந்துவிடும். இதற்கு நல்ல மனம் மட்டும் போதுமா? சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

பராமரிப்புப் பயிற்சி அளிக்கும்படி, 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசாங்கத்துக்குச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால், லீவு போட்டுப் படிக்கப் போகும் ஆயாவுக்கு அன்றைய சம்பளம் இல்லை என்றால், அவர் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

ஆகவே, வேலையில் இருக்கும்போதே பயிற்சி தர வேண்டும். படிக்கும் நாளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கட்டணத்தை இல்லம் நடத்துவோர் கட்டட்டும். சிறிய இல்லங்களுக்கு அரசாங்கம் கொடுக்கட்டும். பயிற்சி முடித்தவருக்குச் சம்பளமும் உயர வேண்டும். இல்லாவிட்டால், தொழில் கற்றவர் வேறு இடம் தேடிப் போய்விடுவார்!