சமையலறை ஜன்னல்

'மனசாட்சி' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு டீக்கடையின் பின்பக்கம்தான் ஞாபகம் வருது. தாத்தாவுக்குக் கொட்டாங்குச்சியில ஊத்திய கடைக்காரன் 'உன்மேல வெறுப்பு' என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். 'சாமி குத்தமாயிடும்ப்பா' என்பானாம்.

அமெரிக்காவில், தென் கரோலினாவில், பிக்கி பார்க் என்று சில உணவகங்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகும் கறுப்பர்களை உள்ளே உட்காரவிடவில்லை. சமையலறை ஜன்னலில் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அதே கொட்டாங்குச்சி! வழக்கு வந்ததும் முதலாளி சொன்னான்: இனங்கள் கலப்பது கடவுள் சித்தத்துக்கு விரோதம், சட்டம் என் மதச் சுதந்திரத்தைப் பறிக்கிறது. 1968இல் உச்சநீதிமன்றம் அதை ஒரு வாதமாகவே மதிக்கவில்லை.

சரியாக 50 வருஷம். கொலராடோவில் ஒரு கேக் கடைக்காரர், ரெண்டு ஆண்கள் கல்யாணத்துக்குக் கேக் செய்ய என் கிறிஸ்தவ நம்பிக்கை இடந்தராது என்றார். 2018இல் ஜெயித்தார். மாநில ஆணையம் அவர் மதத்தை இளக்காரமாகப் பேசியது என்பதே காரணம், குறுகிய தீர்ப்புதான். 2023இல் அதே மாநிலத்து இணையதள வடிவமைப்பாளர் பேச்சுரிமையைச் சொல்லி ஜெயித்தார். ஜன்னல் மறுபடி திறந்துவிட்டது.

நம்பிக்கை வைத்திருப்பவனுக்கு உரிமையே இல்லையா? இருக்கு. கும்பிடட்டும், போதிக்கட்டும். தெருவில் கடை விரித்து எல்லார் காசுக்கும் கை நீட்டுகிறவன் ஆள் பார்த்துக் கையை மடக்கக்கூடாது. நமக்கு இது புதுசில்லை. முல்கி வெங்கட்ரமணர் கோயிலை எங்கள் சாதிக்கே உரியது என்று கௌட சாரஸ்வதப் பிராமணர்கள் மதச் சுதந்திரத்தைக் காட்டித்தான் வாதாடினார்கள். கதவைத் திறக்கச் சொன்னது உச்சநீதிமன்றம். (சில சடங்குகளுக்கு மட்டும் மற்றவர்களை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு சந்தையும் விட்டுத்தான்.)

377ஐ 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் முடக்கியபோது அம்பேத்கரின் அரசியல் சட்ட ஒழுக்கத்தை எடுத்துக்காட்டியது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்கு ஓடியவர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகள் எல்லாம் உண்டு. ஒரே குடத்துத் தண்ணி குடிக்காதவர்கள்! 2013இல் ஜெயித்து, 2018இல் தோற்றார்கள்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னால் தோழர் ஒருத்தர், 'நமக்கெதுக்கு அந்த அசிங்கம்?' என்கிறார். அசிங்கம். அந்தச் சொல்லை நமக்கு யார் கொடுத்தது தோழர்?

அவரை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் கவுண்ட்டருக்கு ஒரு திருநங்கை கணக்குத் தொடங்க வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, 'என் மனசு ஒப்பல சார், நீங்க பாத்துக்குங்க' என்றார். பாத்துக்கிட்டேன். படிவத்தை நிரப்பி, முத்திரை குத்தி, சிரித்தபடி வழியனுப்பினேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போனோம்.