புலியின் பருமனும் லயத்தின் கதவும்

"புலி வருகிறது, புலி வருகிறது" என்று கூவி ஊரை ஏய்த்த இடையனின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அக்கதையில் பொய் சொன்னவன் இடையன், இழந்தவனும் அவனே. மலையகத்திலோ அக்கதை தலைகீழாக நடக்கின்றது. புலி வருகிறது என்று தோட்டத் தொழிலாளி மெய்யாகவே சொல்கிறான். கேட்கக் கடமைப்பட்டவர்கள் காதைப் பொத்திக்கொள்கின்றனர். கொழுந்து மலையில் பெண்ணொருத்தி நகம் கிழித்த தோளோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டால் பத்திரிகையின் மூலையில் நான்கு வரி வருகின்றது. கம்பியில் சிக்கிச் சிறுத்தையொன்று மாண்டால் நாடே கண்ணீர் வடிக்கின்றது. அந்தக் கண்ணீரை நாம் குறை கூறவில்லை. அது ஏன் ஒரு பக்கமாக மட்டும் பாய்கின்றது என்றே கேட்கின்றோம்.

முதலில் விலங்கின் பருமனைப் பற்றிச் சில சொற்கள். நம் தோட்டங்களில் புலி என்று வழங்கப்படுவது சிறுத்தையே. வரிப்புலியோ சிங்கமோ ஓநாயோ இத்தீவின் காடுகளில் இல்லை. ஆதலால் இலங்கைக் காட்டில் சிறுத்தைக்கு மேற்பட்ட வேட்டை விலங்கு வேறில்லை. கன்றுக்குட்டி அளவு, காளை மாட்டளவு என்று அச்சம் அதன் உருவத்தைப் பெருக்கிக் காட்டினாலும், வளர்ந்த ஆண் சிறுத்தையின் சராசரி எடை ஏறத்தாழ 56 கிலோ; பெண் சிறுத்தை அதில் பாதியளவே. ஒரு மனிதனின் எடைக்கு மேற்படாத இவ்விலங்கு மனிதனை இரையாகக் கருதுவது மிக அரிது. இந்நாட்டின் சரித்திரத்தில் பேர்பெற்ற ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்றே: பலரைக் கொன்று, 1924ஆம் ஆண்டில் சுட்டு வீழ்த்தப்பட்ட கிழக்கிலங்கையின் புணாணைச் சிறுத்தை. அதன் பதனிட்ட உடல் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. அதைப் பார்ப்பவர்கள், "இவ்வளவுதானா?" என்று வியக்கக்கூடும்.

அவ்வாறாயின் அஞ்சத் தேவையில்லையா? இக்கேள்விக்கு விடை காண, ஓநாய் வாழும் அயல்நாட்டை நோக்குவோம். இந்திய ஓநாயின் எடை 20 கிலோவை ஒட்டியதே. நம் சிறுத்தையின் பாதியைக்கூட எட்டாது. ஆயினும் 2024ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்களால் குழந்தைகள் பலர் பலியாயினர். பலியானவை யாருடைய குழந்தைகள்? கதவில்லாத வீடுகளிலும் திறந்த வெளியிலும் உறங்கிய ஏழைகளின் குழந்தைகள். மாடி வீட்டுக் கட்டிலில் உறங்கிய பிள்ளையை ஓநாய் நெருங்கவில்லை. விலங்கின் ஆபத்தை அளக்க அதன் எடையும் பல்லும் போதா. அது வந்து சேரும் வீட்டுக்குக் கதவு உண்டா, விளக்கு உண்டா என்று பார்த்தே அளக்க வேண்டும்.

இவ்வுண்மைக்குச் சான்று தேட உத்தரப் பிரதேசம் வரை போக வேண்டியதில்லை, கண்டியே போதும். தலதா மாளிகையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலே, நகருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களைத் தன்னகத்தே கொண்ட துனுமடலாவ வனம் இருக்கின்றது. ஏறத்தாழ 480 ஹெக்டேயர் பரப்புள்ள அச்சிறு வனத்திலே சிறுத்தைகள் நடமாடுவதை ஆராய்ச்சியாளர்கள் தானியங்கிப் புகைப்படக் கருவிகளால் பதிவு செய்துள்ளனர். முள்ளம்பன்றியும் பன்றியும் மானினமும் குரங்கும் அவற்றுக்கு இரையாகின்றன. கண்டி நகரத்தார் இதற்காக அஞ்சி நடுங்குகின்றார்களா? இல்லை, பெரும்பாலோர் அறிந்திருக்கவுமில்லை. மாலையில் ஏரிக்கரையில் உலாவிவிட்டு, விளக்கெரியும் வீதி வழியே வீடு திரும்பித் தாழிட்டு உறங்குகின்றனர். அதே சிறுத்தை ஹந்தானையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ ஒரு லயத்தின் வாசலில் தோன்றினால் ஊரே கலங்குகின்றது. சிறுத்தை ஒன்றே, அது எதிர்ப்படும் வாழ்வுதான் இரண்டு.

லயத்து வாழ்வை அறியாதோர்க்குச் சொல்லுகின்றோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே ஒரு குடும்பம். மலசலகூடமும் தண்ணீர்க் குழாயும் பல தோட்டங்களில் வெளியே, இருளுக்கு அப்பால். அள்ளப்படாத குப்பையைத் தேடி நாய்கள் பெருகுகின்றன. அந்த நாய்களைத் தேடிச் சிறுத்தை வருகின்றது. பகற்பொழுதிலோ, கைவிடப்பட்டுக் காடு மண்டிய தேயிலைப் புதர்களுக்கிடையே அது படுத்திருக்கின்றது. சில வேளை குட்டியும் ஈனுகின்றது. கூடையைச் சுமந்து, கொழுந்தின் மீதே கண் வைத்து நகரும் பெண் எதிர்பாராமல் அதன் மேற் போய் மோதுகின்றாள். அஞ்சிய விலங்கு பாய்ந்து கீறிவிட்டு ஓடுகின்றது. அது அவளைத் தின்ன வந்ததன்று. அவளும் அதை வதைக்கப் போனவளல்லள். இருவரையும் ஒரே புதரில் கொண்டு வந்து நிறுத்திய ஏற்பாடு எவருடையது?

அந்த ஏற்பாட்டுக்கு இருநூறு ஆண்டு வயது. கண்டி மலைகளின் அடர்ந்த காடுகளை ஆங்கிலேயர் கோப்பிக்காக அழித்தனர். கோப்பி நோயுற்று மடியத் தேயிலை வந்தது. அதற்கு வித்திட்ட லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் பயிர் தொடங்கியது. காட்டை வெட்டியதும் கன்றை நட்டதும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்களின் கைகள். இலாபம் கடல் கடந்தது. வாழிடத்தை இழந்த விலங்கும், நாட்டை இழந்த தொழிலாளியும் அம்மலையிலேயே எஞ்சினர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளியை நாடற்றவனாக்கியது. பல்லாண்டுகளின் பின் பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்தது. காம்பராவோ பலருக்கு இன்றும் மாறவில்லை.

சட்டத்தின் நிலையையும் நோக்குவோம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் காக்கின்றது. அதை நாம் முழு மனதுடன் ஆதரிக்கின்றோம். 2018ஆம் ஆண்டில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்று, அதன் உடலோடு படம் பிடித்துக்கொண்டதை நாம் வீரமென்று கொள்ளமாட்டோம். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியில் சுருக்குக் கம்பியில் சிக்கி, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட கருஞ்சிறுத்தையின் சாவும் நமக்கு வெட்கமே. காட்டுப்பன்றிக்கென்று வைக்கப்படும் கம்பிக்குப் பன்றியென்றும் சிறுத்தையென்றும் தெரியாது. கம்பி ஒழிய வேண்டும். ஆனால் பன்றி கிண்டியழிக்கும் ஒரு துண்டு மரக்கறித் தோட்டத்தையே நம்பியிருப்பவனுக்கு வேலி கட்ட உதவாமல், விலங்கை மட்டும் மாட்டி விசாரிப்பது எவ்வகை நீதி?

விலங்கைக் காக்கச் சட்டம் இருப்பது போல், தொழிலாளியைக் காக்கவும் சட்டம் இருக்கின்றது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலை காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்துக்கு வேலைகொள்வோரைப் பொறுப்பாக்குகின்றது. கொழுந்து பறிக்கையில் சிறுத்தை தாக்கினால் அது இயற்கையின் செயல் என்று தோட்ட நிருவாகம் கை கழுவ முயலலாம். எமது கருத்து வேறு. அந்த மலைக்கு, அந்த நேரத்தில், அந்தப் புதரருகே அவளை அனுப்பியது வேலை. புதரை வெட்டாமல் காடாக விட்டது நிருவாகம். வேலை இல்லையேல் அவள் அங்கு நின்றிருக்கமாட்டாள். இவ்வழக்கைத் தொழிற்சங்கங்கள் துணிந்து எடுத்து நடத்த வேண்டும். சந்தாப் பணம் வாங்கும் கைக்கு மனு எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவன சிலவே. கொழுந்து மலையில் இறங்குமுன் ஆட்கள் ஒலியெழுப்பி முன் சென்று பார்க்கும் வழக்கத்தை நிருவாகங்கள் கட்டாயமாக்கட்டும். கைவிட்ட தேயிலையைத் துப்புரவு செய்யட்டும். தோட்டப்புறங்களுக்குப் பிரதேச சபைகளின் நிதி சென்று சேர நெடுங்காலம் தடையாயிருந்த சட்டப் பிரிவு 2018ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுவிட்டது; இனியும் சாக்குச் சொல்லாமல் லயங்களுக்குத் தெருவிளக்கு இடட்டும், குப்பையை அள்ளட்டும். சிறுத்தையை மயக்கி மீட்கவல்ல வைத்தியர்களை வனஜீவராசிகள் திணைக்களம் மலையகத்துக்கு அண்மையில் நிறுத்தட்டும். அபாயத்தில் கூவும் தொழிலாளிக்குத் தமிழில் மறுமொழி சொல்ல ஓர் அதிகாரியை அமர்த்தட்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. புலிக்கு முன் நிற்பவன் மொழிபெயர்ப்பாளரைத் தேடி ஓட முடியாது.

யாவற்றுக்கும் மேலாக, வீடு. பத்தாயிரம் வீடுகள் கட்டித் தருவோமென்று 2017ஆம் ஆண்டில் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். அதற்கு முன்னும் பின்னும் தேர்தல்தோறும் நம் அமைச்சர்கள் அறிவித்தவற்றை எண்ண விரல்கள் போதா. "வீடு வருகிறது, காணி வருகிறது" என்ற கூவலைக் கேட்டுக் கேட்டு மலையகம் நம்பிக்கை இழந்து நிற்கின்றது. இடையன் கதையின் பொய்யுரைத்த வாய் யாருடையதென்று இப்போது விளங்குகின்றதல்லவா?

காட்டில் சிறுத்தை வாழட்டும். அதன் அயலில் மனிதனும் கதவும் விளக்கும் காணியுறுதியும் உடைய மனிதனாக வாழட்டும். இரண்டையும் ஒருங்கே செய்ய இந்நாட்டுக்கு வல்லமை உண்டு. மனம் உண்டா என்பதே கேள்வி. ஆள்வோர் விடை சொல்வார்களா?