பாறையை உருக்கி வார்க்க முடியுமா? ஒற்றைக்கல் மண்டபத்திலிருந்து விழிஞ்சம் வரை ஒரு கணக்கு

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? கருவறைக்கு முன்னால் ஏறி நின்று தரிசிக்கும் அந்த மேடைக்கு ஒற்றைக்கல் மண்டபம் என்று பெயர். 20 அடி நீளம், 20 அடி அகலம், இரண்டரை அடி கனம். எல்லாம் ஒரே கல். 18ஆம் நூற்றாண்டில், மார்த்தாண்ட வர்மா காலத்தில், நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருமலையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்தது. ஆக மொத்தம் 1,000 கன அடி. கருங்கல்லின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் எடை 75 டன்னைத் தாண்டுகிறது.

இந்த மாதிரி எண்ணைக் கேட்டதும் உங்கள் போனில் வந்த ஏதாவது ஒரு ரீல்ஸ் ஞாபகத்துக்கு வந்திருக்கும். "இதையெல்லாம் உளியால செதுக்கவே முடியாது, நம்ம முன்னோர் கல்லை உருக்கி அச்சுல ஊத்துனாங்க" என்று பின்னணி இசையோடு சொல்வார்களே, அதேதான். ஒரு காலத்தில் திருவிதாங்கூரோடு இருந்த சுசீந்திரத்தின் இசைத்தூண்களுக்கும் இதே கதைதான் சொல்லப்படுகிறது.

கல்லை உருக்க முடியுமா? தாராளமாக முடியும். எரிமலை தினமும் செய்கிற வேலை அது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. உருக்கி ஊற்றி ஆறவிட்டால், திரும்ப அதே கல் கிடைக்குமா?

கருங்கல்லைப் பொறுத்தவரை, கிடைக்காது. நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லும் கிரானைட் வகைப் பாறை ஒரே பொருள் இல்லை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று பல கனிமங்களின் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் கூட்டணி அது. சூடாக்கினால் முதல் பிரச்சினை 573 டிகிரி செல்சியஸில் வந்துவிடும். அந்த வெப்பத்தில் குவார்ட்ஸ் படிகத்தின் அமைப்பு மாறி, திடீரென்று விரியும். கல் விரிசல் விடும். பழைய காலத்துக் குவாரிகளில் பாறைமேல் தீ மூட்டி உடைத்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். அதாவது, நெருப்பு நம் ஆட்களுக்குப் பயன்பட்டது உண்மை. ஆனால் உருக்க இல்லை, உடைக்க.

அதையும் தாண்டி 1,200 டிகிரி வரை கொண்டுபோனால் உருகும். உருகினாலும் தண்ணீர் மாதிரி ஓடாது, பாகு மாதிரி இழுக்கும். அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பாது. ஆறினால் கருங்கல்லும் கிடைக்காது, ஒருவகைக் கண்ணாடிதான் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள் வளர வேண்டும் என்றால் பூமிக்கு அடியில், மிக மெதுவாக, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆற வேண்டும். அடுத்த முறை ஒரு கோயில் தூணைப் பார்க்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். பொடிப்பொடியாக மின்னும் படிகங்களும், சில கற்களில் நீளமாக ஓடும் வரிகளும் தெரிந்தால், அது உருக்கி ஊற்றியது இல்லை. ஊற்றியிருந்தால் அந்த வரிகள் கரைந்து போயிருக்கும். கல்லைப் பிளந்த விதமும் ரகசியமில்லை. மாமல்லபுரத்தில் பாதியில் கைவிட்ட பாறைகளில் ஆப்பு அடித்த துளைகள் வரிசையாக இன்னும் இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாறைகள் நிஜமாகவே ஒருமுறை உருகுநிலையின் விளிம்புக்குப் போய்வந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கு அடியில் 800 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அவை வெந்தன. சில பகுதிகள் உருகவும் செய்தன. பொன்முடியில் வெளிர் நிறப் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகள் உருவாகியிருப்பதைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து புவியியலாளர்கள் வருகிறார்கள். அந்தத் திட்டுக்குப் பெயர் சார்னோக்கைட். பெயர்க்கதை நம் பல்லாவரத்திலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து போன கல்தான் கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் சமாதியில் இருக்கிறது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே பாறைக்கும் வைத்தார்.

எல்லாக் கல்லும் கருங்கல் மாதிரி அடம்பிடிக்காது. மகாராஷ்டிராவில் மலை மலையாகக் கிடக்கும் பசால்ட், உருகினால் ஓரளவு நன்றாகவே ஓடும். அதை உருக்கி அச்சில் ஊற்றி, ஒரு நாள் முழுக்க மெதுவாக ஆறவிட்டு ஓடுகளும் குழாய் உள்பூச்சுகளும் செய்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு போகும் குழாய்கள் தேயாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். இன்னும் சூடாக்கிப் பஞ்சு மிட்டாய் மாதிரிச் சுழற்றினால் ராக்வுல். உங்கள் ஆபீஸ் ஏசி குழாய்மேல் சுற்றியிருப்பது ஒருவேளை உருக்கிய பாறையாகவே இருக்கலாம். சுண்ணாம்புக்கல் இதற்கு நேர்மாறு. சாதாரணச் சூளையில் உருகாது, 900 டிகிரி வாக்கில் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாக உதிர்ந்துவிடும். சிமென்ட் தொழில் நிற்பதே அந்த வேதியியலில்தான்.

செலவு? என் தோராயக் கணக்கு இது: ஒரு டன் கல்லை 1,200 டிகிரிக்குச் சூடாக்கி உருக்க, வெப்பம் கொஞ்சம்கூட வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 450 யூனிட் மின்சாரம் வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா, அதில் ஒன்பது மாத ஒதுக்கீடு ஒரே டன்னுக்குப் போய்விடும்.

இதில் நமக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கோயிலிலிருந்து தெற்கே கிளம்பி விழிஞ்சத்துக்குப் போனால் புரியும். 2015-ல் ஒப்பந்தம் போட்ட துறைமுகத்தின் முதல் கட்டம் 2019 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். பிரதமர் அதைத் திறந்து வைத்தது 2025 மே 2 அன்று. ஒக்கி புயல், கொரோனா, 2022-ல் மீனவர்கள் நடத்திய நீண்ட போராட்டம் எனத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் முக்கியமான ஒன்று கல் தட்டுப்பாடு. சுமார் 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவருக்கு லட்சக்கணக்கான டன் பாறை கடலுக்குள் போக வேண்டியிருந்தது. கேரளத்துக் குவாரிகள் போதாமல் தமிழ்நாட்டுப் பக்கம் கை நீண்டது. களியக்காவிளை வழியாகப் போகும் கனரக லாரிகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசியல் பிரச்சினையானது அப்படித்தான். 2024 மார்ச்சில் துறைமுகத்துக்குப் போன டிப்பரிலிருந்து கல் விழுந்து பல் மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார்.

கேரளத்தில் மட்டும் 5,924 கல்குவாரிகள் இருப்பதாக பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆற்றுமணலுக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு எம்-சாண்ட் என்ற பெயரில் அரைபடுவதும் இதே பாறைதான். கல்லை "மறுஉருவாக்கம்" செய்ய இன்றைக்கு நம்மிடம் இருக்கும் பெரிய தொழில்நுட்பம் அரைத்து, சிமென்ட் கலந்து ஊற்றுவது. விழிஞ்சத்திலும் அலையை நேரடியாக வாங்கும் வெளிப்புறத்தில் கிடப்பது அச்சில் வார்த்த கான்கிரீட் அக்ரோபோடுகள். ரீல்ஸ்காரர்கள் தேடும் வார்ப்புக்கல் அதுதான். என்ன ஒன்று, அதற்குள் இருக்கும் ஜல்லிக்கும் ஒரு மலை வேண்டும்.

பழைய கட்டட இடிபாடுகளை அரைத்துத் திரும்பப் பயன்படுத்த மத்திய அரசு 2016-லேயே விதிகள் கொண்டுவந்தது. உங்கள் தெருவில் இடிக்கும் வீட்டின் கழிவு ஏரிக்கரைக்குப் போகிறதா, அரைக்கும் ஆலைக்குப் போகிறதா என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள், விதி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

விழிஞ்சத்தின் அடுத்த கட்டத்தை 2028-க்குள் முடிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவர் இன்னும் சுமார் 900 மீட்டர் நீளப்போகிறது. அதற்கான கல் எந்த மலையிலிருந்து, எந்தச் சாலை வழியாக வரப்போகிறது என்பது களியக்காவிளைக்காரர்களுக்கு வெறும் புவியியல் கேள்வி இல்லை.